பல்லைப் பிடுங்காத படிப்பு

1910-ல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் பேசினார். பல் மருத்துவர்கள் சீழ் பிடித்த பல்வேர்களை உள்ளே விட்டுவிட்டு, மேலே தங்கத்தில் உறை போட்டு மூடிவிடுகிறார்கள். அங்கிருந்துதான் நோய் உடலெங்கும் பரவுகிறது என்று குற்றம் சாட்டினார். அவர் சாடியது அரைகுறை வைத்தியத்தை. பழி விழுந்ததோ நரம்பு செத்த பற்கள் அத்தனையின் மேலும்.

அதன்பின் அமெரிக்காவில் பற்களுக்குப் பொல்லாத காலம். மூட்டுவலியா, பிடுங்கு. காரணம் தெரியாத காய்ச்சலா, பிடுங்கு. நியூஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்ற மருத்துவர், மனநோயைக் குணப்படுத்துவதாக நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்க வைத்தார். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் ஒரு கறுப்பு நிழல் தெரிந்தால் போதும், பல் போயிற்று. சில கல்லூரிகள், பல்லைப் பிடுங்காமல் காக்கும் வேர் சிகிச்சையைக் கற்பிப்பதையே கைவிட்டன. எத்தனை நல்ல பற்கள் வீணாகப் போயிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

மசியாத சிலரும் இருந்தார்கள். பிலடெல்பியாவில் லூயிஸ் கிராஸ்மேன், சிகாகோவில் எட்கர் கூலிட்ஜ். எச்சில் படாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு, கிருமி நீக்கிய கருவிகள் என்று வேலையில் சுத்தத்தைக் கொண்டுவந்தார்கள். வேர்க்குழாயிலிருந்து ஈரம் எடுத்து ஆய்வுக்குழாயில் வளர்த்துப் பார்ப்பார்கள். கிருமி முளைக்கவில்லை என்றால்தான் வேர்க்குழாயை அடைப்பார்கள். மாதங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தால், நிழல் இருந்த இடத்தில் எலும்பு வளர்ந்திருக்கும். பல்லுக்குத் தண்டனை வாங்கித் தந்த எக்ஸ்ரேயே அதற்குச் சாட்சியும் சொன்னது. 1938-ல் செசில், ஆஞ்செவின் என்ற இரு மருத்துவர்கள் 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லைப் பிடுங்கியதால் பலன் இல்லை என்று எழுதினார்கள். கிராஸ்மேனின் வேர் சிகிச்சைப் பாடநூல் 1940-ல் வந்தது.

போர் நடந்துகொண்டிருந்த 1943-ல் வேர் சிகிச்சைத் துறையினர் சிகாகோவில் கூடி அமெரிக்க எண்டோடான்டிஸ்டுகள் (வேர் சிகிச்சை நிபுணர்கள்) சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கம் இருந்தால் மட்டும் ஊர் நம்பிவிடுமா? கைத்திறனைச் சோதித்துச் சான்று தர 1956-ல் ஒரு வாரியம் பிறந்தது. 1963-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வேர் சிகிச்சையைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது.

பல் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு அங்கே குறைந்தது 2 ஆண்டு சிறப்புப் பயிற்சி. அதை முடித்தவர் வாரியச் சான்று இல்லாமலும் தொழில் செய்யலாம். வாரியத் தேர்வு அவரவர் விருப்பம். எழுத்துத் தேர்வு உண்டு, நேர்முகமாகக் கேள்வி கேட்கும் தேர்வும் உண்டு. இவற்றைவிட நான் மதிப்பது இன்னொரு பகுதியை. தான் சிகிச்சை செய்த நோயாளிகளின் படங்களையும் குறிப்புகளையும் தேர்வு எழுதுபவர் ஒப்படைக்க வேண்டும். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த படம் மட்டும் போதாது. நாள் சென்றபின் அதே பல்லை மறுபடி பார்த்து எடுத்த படமும் வேண்டும். அடைப்பு ஒழுங்காக இருப்பதை முதல் படமே காட்டிவிடும். வேர் நுனியில் எலும்பு ஆறியிருக்கிறதா என்பதைப் பின்னால் எடுத்த படம்தான் காட்டும்.