குருதியன்று, காவிக்கல்!

முழுநிலா நாளில் வேங்கிக்கால் வழியே வந்திறங்கும் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றிவர இலட்சக்கணக்கில் வருகிறார்கள். மலையைச் சுற்றுவோர் இத்தனை பேர். மலையைப் படிப்போர் எத்தனை பேர்? இந்தக் கேள்வியோடுதான் தோழர்கள் பன்னிருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறும் தண்ணீருமாய் வேங்கிக்காலிலிருந்து விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைக்குப் புறப்பட்டோம்.

அங்கே கோபுரமில்லை, கொடிமரமில்லை, தட்டேந்தி நிற்கத் தரகரும் இல்லை! ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகள். அவற்றின் அடியிலே நிழல். அந்நிழலிலே செந்நிற மாந்தர்! விலங்கின்மேல் ஒருவன் அமர்ந்திருக்கிறான். படகு போன்ற ஒன்றிலே சிலர் நிற்கின்றனர். சிலருக்கோ பறவை மூக்கென முகம் நீண்டிருக்கிறது. முகமூடியாக இருக்கலாம் என்பர் ஆய்வாளர்.

இப்பாறைக்கு ஊரார் இட்ட பெயர் இரத்தக் குடைக்கல். பெயரிலேயே அச்சம் உறைந்து கிடக்கிறது! ஆனால் அது குருதியன்று. இரும்பு கலந்த காவிக்கல்லை அரைத்துத் தீட்டிய வண்ணம். இரும்புத்துரு வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை; மழை நேரே படாத சரிவு அதனைக் காத்தது. 1980களில் அனந்தபுரம் கிருஷ்ணமூர்த்தி போன்ற ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த பிறகே உலகு இதனை அறிந்தது.

ஸ்பெயின் நாட்டு அல்தமீராக் குகையை எண்ணிப் பாருங்கள். 1879இல் சௌத்துவோலாவின் சிறுமகள் மரியா அண்ணாந்து பார்த்தாள், கூரையெங்கும் காட்டெருமைகள்! போலி என்று புலவர் உலகம் ஏசிற்று. பழி நீங்காமலே 1888இல் அவர் மறைந்தார். 1902இலோ, ஏசியவருள் முதல்வரான கார்த்தையாக் என்பார், தாம் தவறியதை அச்சிலேயே ஒப்புக்கொண்டார். (சௌத்துவோலாவுக்குப் பத்தாண்டு முன்னரே, 1867-68இல், மிர்சாபூர்ப் பாறை ஓவியங்களைக் கார்லைல் கண்டிருந்தார் என்பது தனிக்கதை.) நூற்றாண்டுகள் ஆயினும் தவற்றை ஒப்பாத பீடங்களை அறிந்த நமக்கு, 23 ஆண்டுகளில் ஒப்பிய அறிவியல் வியப்பூட்டாதா?

அங்கேதான் எங்களுக்குள் பூசல் மூண்டது. இளந்தோழர் ஒருவர் பாறையிலுள்ள குறிகளைக் காட்டி, "சிந்துவெளி எழுத்து! இனி எவர் மறுப்பார்?" என்று முழங்கினார். அவ்வாறு ஒப்பிடுவோர் உண்டு. ஆயின் ஒப்புமை வேறு, மெய்ப்பிப்பு வேறு. சிந்துவெளி எழுத்தே இன்னும் ஐயமற வாசிக்கப்படவில்லையே! தலபுராணத்தை எள்ளும் நாம், நமக்கு இனிக்கும் என்பதற்காகப் புதியதொரு தலபுராணம் புனையலாமா? "இனப்பற்று இல்லாப் பேச்சு இது" என்றார் அவர். பற்றுண்டு, தம்பி, அதனால்தான் சான்று கேட்கிறேன் என்றேன். அவர் இசையவில்லை.

இன்னொருவர், படம் தெளிவாக விழட்டுமென்று ஓவியத்தின்மீது தண்ணீர் தெளிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தோம். நீரில் கரைந்த உப்பு படிந்து படிந்து ஓவியத்தையே திரையிட்டுவிடும். பாறையின்மேல் பெயர் கீறுவோர் செய்யும் கேட்டிற்கு இது சிறிதும் குறைந்ததன்று.

திரும்பும் வழியெல்லாம் பேருந்திலே சிந்துவெளி வழக்கு நடந்தது. அடுத்த பயணம், செஞ்சிப் பக்கத்துச் செத்தவரை. மானும் மீனும் தீட்டிய பாறைகள் அங்குண்டு. இளந்தோழர்தான் முதற்பெயர் கொடுத்திருக்கிறார்.