தனி விமானமா, பயணிகள் விமானமா? செலவும் பயனும் - ஒரு விளக்கம்

புதுதில்லி: தில்லியில் இருந்து மும்பைக்குப் பயணிகள் விமானத்தில் செல்பவர் ஓர் இருக்கையை வாங்குகிறார். அதே வழித்தடத்தில் தனி விமானத்தை வாடகைக்கு எடுப்பவர் அந்த விமானத்தின் நேரத்தை வாங்குகிறார். எட்டுப் பேர் ஏறினாலும் ஒருவர் மட்டும் ஏறினாலும் அவர் செலுத்த வேண்டிய தொகை ஒன்றுதான். விமானம் பயணியே இல்லாமல் திரும்பிச் சென்றாலும் அதற்கான தொகையும் அவர் கணக்கிலேயே சேரும்.

தனி விமானம் என்றாலே தொழிலதிபர்களும் திரை நட்சத்திரங்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியை வேறு நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய சாதாரணக் குடும்பமும் இதே கணக்கை ஒரே இரவில் போட்டுப் பார்க்க வேண்டிய நிலை ஏற்படுகிறது. பெரும்பாலான வாசகர்களுக்கு இந்த ஒப்பீடு பயன்படக்கூடிய சூழல் அதுவாகத்தான் இருக்கும்.

மணிக்கு எவ்வளவு?

வாடகை விமானங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் இல்லை. விமானத்தின் வகை, அது நிறுத்தப்பட்டுள்ள நகரம், பருவம் ஆகியவற்றைப் பொருத்துத் தொகை மாறும். 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது இத்துறையினர் தெரிவித்த கட்டணம், விமானத்துக்கு மணிக்கு 4.5 லட்சம் முதல் 5.25 லட்சம் ரூபாய் வரையிலும், ஹெலிகாப்டருக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் ரூபாயாகவும் இருந்தது. தேவை உச்சத்தில் இருந்த காலத்துக் கட்டணம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுழல்விசிறி கொண்ட சிறிய டர்போபிராப் விமானங்களுக்கு ஜெட் விமானங்களைவிடக் கணிசமாகக் குறைந்த தொகையே பெறப்படுகிறது.

மணிக் கட்டணத்துடன் செலவு முடிவதில்லை. வாடகை விமானச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பயணிகள் விமானத்தின் எகானமி வகுப்புக்கு 5 சதவீதம் மட்டுமே. பிசினஸ் வகுப்புக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. தரையிறங்கும் கட்டணம், நிறுத்தக் கட்டணம், தரைப்பணிக் கட்டணம், இரவு தங்க நேர்ந்தால் விமானிகளின் விடுதிச் செலவு ஆகியவையும் சேரும். பல நிறுவனங்கள் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்குக் கட்டணம் கேட்கின்றன. ஐம்பது நிமிடப் பயணத்துக்கும் இரண்டு மணி நேரத் தொகை கோரப்படுவது இதனால்தான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது காலிப் பறப்பை. தில்லியில் நிறுத்தப்பட்டுள்ள விமானத்தை ஜெய்ப்பூரில் இருந்து அகமதாபாத் செல்வதற்காக எடுத்தால், தில்லியில் இருந்து ஜெய்ப்பூர் வரும் நேரமும், அகமதாபாதில் இருந்து தில்லி திரும்பும் நேரமும் கட்டணத்தில் அடங்கும். மும்பை போன்ற நெரிசல் மிகுந்த நிலையங்களில் விமானத்தை நிறுத்த இடம் கிடைக்காதபோது, பயணிகளை இறக்கிவிட்டு வேறு நகருக்குச் சென்று காத்திருந்துவிட்டு வருவதும் உண்டு. அந்த எரிபொருளுக்கும் பணம் கொடுப்பவர் வாடிக்கையாளரே.

தில்லி - மும்பை: ஒரு கணக்கு

நடுத்தர ஜெட் விமானம் ஒன்றில் எட்டுப் பேர் காலையில் தில்லியில் இருந்து புறப்பட்டு, மாலையில் மும்பையில் இருந்து திரும்புவதாகக் கொள்வோம். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மணிக்கு 4.5 லட்சம் ரூபாய் வீதம் 18 லட்சம், ஜிஎஸ்டியுடன் 21.24 லட்சம் ரூபாய். நிலையக் கட்டணங்களை இதில் சேர்க்கவில்லை.

பயணிகள் விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதால், ஒப்பீட்டுக்கு உயர்ந்த அளவு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தாகி, மற்ற விமானங்களில் கட்டணம் எகிறியபோது, மத்திய அரசு எகானமி வகுப்புக்குத் தற்காலிக உச்சவரம்பு விதித்தது. 500 கி.மீ. வரை 7,500 ரூபாய், 1,000 கி.மீ. வரை 12,000, 1,500 கி.மீ. வரை 15,000, அதற்கு மேல் 18,000 ரூபாய் என்பது அந்த வரம்பு. தில்லி - மும்பை தூரம் ஏறத்தாழ 1,150 கி.மீ. என்பதால் ஒருவருக்கு ஒருவழிக்கு 15,000 ரூபாய். எட்டுப் பேருக்கு இருவழிக்கும் 2.4 லட்சம் ரூபாய், வரிகள் தனி.

நெருக்கடிக் காலத்து உச்சக் கட்டணத்தோடு ஒப்பிட்டாலும், எல்லா இருக்கைகளும் நிரம்பிய தனி விமானம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு செலவு பிடிக்கிறது. சாதாரண நாள்களில் முன்பதிவு செய்த பயணச்சீட்டோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் விரியும். தனி விமானத்தில் இருவர் மட்டும் சென்றால் தலைக்கு 10.62 லட்சம் ரூபாய்.

இந்தக் கூடுதல் தொகைக்குக் கிடைப்பது முதன்மையாக நேரம். உள்நாட்டுப் பயணத்தில் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே பயணப் பதிவு முகப்பு மூடப்படுகிறது. அதற்கும் முன்னதாகப் பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். தில்லி விமான நிலையத்தில் 2020 செப்டம்பரில் திறக்கப்பட்ட, தனி விமானங்களுக்கான முனையத்தில் அரை மணிக்கு முன் வந்தாலே போதுமானது. பெட்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. போக வர ஒருவருக்கு நான்கு மணி நேரம் மிச்சமாவதாகக் கொண்டால், எட்டுப் பேருக்கு 32 மணி நேரம். கூடுதல் செலவான 18.84 லட்சத்தை 32-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 59,000 ரூபாய். விமானத்தில் உள்ள ஒவ்வொருவரின் ஒரு மணி நேரமும் அவ்வளவு மதிப்புடையதாக இருந்தால் மட்டுமே கணக்கு நேராகும். தில்லி - மும்பை இடையே காலை முதல் நள்ளிரவு வரை அடுத்தடுத்து விமானங்கள் இருக்கும் நிலையில், அத்தகைய குழு அரிதாகவே அமையும்.

நேர மிச்சமும் எப்போதும் உறுதியல்ல. நெரிசலைக் குறைப்பதற்காக மும்பை விமான நிலையத்தில் உச்ச நேரங்களில் தனி விமானங்களை இயக்க 2024 பிப்ரவரியில் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விரும்பிய நேரத்தில் புறப்படலாம் என்ற சிறப்பு, கூட்டம் மிகுந்த நிலையங்களில்தான் முதலில் அடிபடுகிறது.

எஃகு நகரங்களில் மாறும் கணக்கு

ஏழு பொறியாளர்கள் தில்லியில் இருந்து ஜம்ஷெட்பூர், ரூர்கேலா, ராய்ப்பூர் ஆகிய மூன்று தொழில் நகரங்களுக்கும் செல்ல வேண்டியுள்ளது என்போம். தில்லியில் இருந்து ஜம்ஷெட்பூர் செல்ல வழக்கமான வழி, ராஞ்சி வரை விமானத்தில் சென்று, பின்னர் சுமார் 130 கி.மீ. சாலைப் பயணம். ரூர்கேலாவுக்கும் ராய்ப்பூருக்கும் தொடர்ந்து செல்ல ரயிலோ காரோதான் கைகொடுக்கும். மூன்று நாள், இரண்டு இரவு ஆகிவிடும். மூன்று ஊர்களிலும் சிறிய டர்போபிராப் விமானம் இறங்கக்கூடிய ஓடுபாதை உள்ளது. மொத்த வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,550 கி.மீ.; பறக்கும் நேரம் ஏறத்தாழ ஆறு மணி. அதிகாலையில் புறப்பட்டால் இரவில் தில்லி திரும்பிவிடலாம்.

டர்போபிராப் விமானத்துக்கு மணிக்கு 1.5 லட்சம் ரூபாய் எனக் கொண்டால், ஜிஎஸ்டியுடன் 10.62 லட்சம் ரூபாய். பயணிகள் விமானம், கார், விடுதி என ஒருவருக்கு 35,000 ரூபாய் எனக் கணக்கிட்டால் ஏழு பேருக்கு 2.45 லட்சம். செலவு இன்னமும் நான்கு மடங்குக்கு மேல்தான். ஆனால், ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை நாள்கள் மிஞ்சுகின்றன. கூடுதல் தொகையை அந்த 14 நாள்களுக்குப் பகிர்ந்தால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 58,000 ரூபாய். மும்பைப் பயணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த விலையில் இங்கு ஒரு முழு வேலை நாள் கிடைக்கிறது. மூத்த நிபுணர்கள் அடங்கிய குழுவை அனுப்பும் நிறுவனத்துக்கு இது ஆடம்பரமாகத் தோன்றாமல் போகலாம்.

சிறு நகரங்களுக்குப் பயணிகள் விமானம் வரும்போது இந்தக் கணக்கு மீண்டும் மாறும். 2017 ஏப்ரல் 27-இல் சிம்லா - தில்லி இடையே முதல் விமானத்துடன் தொடங்கிய உடான் திட்டத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தின் குறிப்பிட்ட இருக்கைகளுக்குத் தொடக்கத்தில் 2,500 ரூபாய் என வரம்பு வைக்கப்பட்டது. அந்தச் சேவைகள் நிலைத்து நடக்கும் ஊர்களில் தனி விமானத்தின் தேவை குறைகிறது. நின்றுபோன ஊர்களில் பழைய நிலைதான்.

எரிபொருள், சொந்த விமானம்

ஏர்பஸ் ஏ320 நியோ விமானம் மணிக்குச் சுமார் 3,000 லிட்டர் எரிபொருளை எரிக்கிறது. 180 இருக்கைகளுக்குப் பகிர்ந்தால் இருக்கைக்கு 17 லிட்டர். எட்டு இருக்கை நடுத்தர ஜெட் மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் எரிக்கும். இருக்கைக்கு 125 லிட்டர். விமான எரிபொருள் ஜிஎஸ்டி வரம்புக்குள் வரவில்லை. மாநிலங்கள் விதிக்கும் மதிப்புக்கூட்டு வரி ஓரிடத்தில் 1 சதவீதமாகவும் வேறிடத்தில் 25 சதவீதத்துக்கு மேலும் இருப்பதால், எங்கே எரிபொருள் நிரப்புவது என்பதே தனிக் கணக்கு.

சொந்தமாக விமானம் வாங்குவது பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான விமானங்களுக்கு 2025 செப்டம்பர் முதல் 40 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. விமானம் பறக்காத நாளிலும் விமானிகளின் ஊதியம், பராமரிப்பு, காப்பீடு, நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குச் செலவாகும். ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கும் குறைவாகப் பறப்பவருக்கு வாடகையே மேல் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல்.

பாதுகாப்பும் இழப்பீடும்

தனி விமானம் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அனுபவம் அதை உறுதிப்படுத்தவில்லை. 2001 செப்டம்பர் 30-இல் முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா சென்ற சிறிய விமானம் உத்தரப் பிரதேசத்தின் மெயின்புரி அருகே விழுந்ததில், அதில் இருந்த எட்டுப் பேரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு மார்ச் 3-இல் மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி ஆந்திரத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். பெரிய நிலையங்களில் உள்ள தரையிறங்கும் வழிகாட்டிக் கருவிகளும் வானிலைத் தகவலும் சிறிய ஓடுதளங்கள் பலவற்றில் இல்லை. சென்றே ஆக வேண்டும் என்ற பயணியின் அவசரமும் விமானியின் முடிவை அழுத்தக்கூடும். மோசமான வானிலையில் பயணத்தை மறுக்கும் விமானியிடம் வாதிடாமல் இருப்பது பயணியின் கையில் உள்ளது.

பயணிகள் விமானம் முன்னறிவிப்பின்றி ரத்தானால், விதிகளின்படி மாற்று விமானமோ பணமோ பெறலாம். காரணம் நிறுவனத்தைச் சார்ந்ததாக இருந்தால் பயண நேரத்துக்கேற்ப 10,000 ரூபாய் வரை இழப்பீடும் உண்டு. தனி விமானத்தில் பெருமளவு ஒப்பந்த வாசகமே பேசும். இயந்திரக் கோளாறு ஏற்பட்டால் 'அடுத்த விமானம்' என்று ஒன்று இருக்காது. மாற்று விமானம் யார் செலவில் வரும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் பெறுவது நல்லது.

விமான ஆம்புலன்ஸ் தேவைப்படும்போது

பாட்னாவில் உள்ள நோயாளியைத் தில்லி மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும், விமானம் தில்லியில் நிற்கிறது என்றால், இருவழிப் பறப்புக்கும் கட்டணம் உண்டு. மேலே சொன்ன மணிக் கட்டணத்தில் நான்கு மணி நேரம் எனக் கொண்டால், 6 லட்சம் ரூபாயில் கணக்கு தொடங்கும். மருத்துவர், செயற்கைச் சுவாசக் கருவி, இரு முனைகளிலும் சாலை ஆம்புலன்ஸ் ஆகியவை அதில் அடங்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும். பாட்னாவுக்கு அருகிலேயே விமானம் வைத்துள்ள வேறு நிறுவனம் இருந்தால் தொகை குறையலாம். ஆகவே, 'விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது?' என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நோயாளியின் நிலை சீராக இருந்தால், சில பயணிகள் விமானங்களிலேயே பல எகானமி இருக்கைகளுக்கு மேல் தூக்குப் படுக்கை பொருத்தி அழைத்துச் செல்ல முடியும். மருத்துவர் நிரப்பித் தரும் சான்றுப் படிவமும் முன்னறிவிப்பும் தேவை. செலவு தனி விமானத்தைவிட வெகுவாகக் குறையும். ஆனால், ஓரிரு நாள் காத்திருக்க இயலாத நோயாளிக்கு இது பொருந்தாது. சில மருத்துவக் காப்பீடுகள் விமான ஆம்புலன்ஸ் செலவை ஏற்றாலும் அதற்கு உச்சவரம்பு வைத்துள்ளன. வரம்புக்கு மேற்பட்டதைக் குடும்பமே ஏற்க வேண்டும்.

இத்தகைய அவசரத்தில்தான் முறையற்ற வாடகையும் நுழைகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான விமானத்தைக் கட்டணம் பெற்று வாடகைக்கு விட விதிகள் அனுமதிப்பதில்லை. அட்டவணையில்லா விமானச் சேவைக்கான அனுமதி பெற்ற நிறுவனமே அதைச் செய்யலாம். அனுமதியற்ற விமானம் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கும் அபாயம் உண்டு. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல், டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ளது. முகவர் தரும் விலைப்பட்டியலில் விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் பெயரும் 'விடி' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்த்து, அந்தப் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் பணம் செலுத்தலாம்.