எரிபொருள் மின்கல விமானங்களுக்கான எடை குறைந்த மின்திறன் மாற்றி

எரிபொருள் மின்கலம் தரும் ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை, விமானத்தின் மோட்டார்களுக்கு வேண்டிய சீரான அழுத்தமாக உயர்த்தித் தரும் கருவி மின்திறன் மாற்றி. பொறியாளர்கள் பேச்சில் கன்வெர்ட்டர்.

ஹைட்ரஜனில் இயங்கும் ஒரு கலம் சுமையில்லாதபோது ஏறத்தாழ 1 வோல்ட் தரும். முழுச் சுமையில் 0.65 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். 400 கலங்களை அடுக்கினால் சுமையில்லாதபோது 400 வோல்ட், முழுச் சுமையில் 260 வோல்ட். விமானம் மேலெழும்பும்போதுதான் சுமை உச்சம். அழுத்தம் அடிமட்டத்துக்குப் போவதும் அப்போதே.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் சுழலும் புதிய காற்றாலைகளிலும் கன்வெர்ட்டர் உண்டு. அங்கே அது பீரோ அளவில் நின்றாலும் பரவாயில்லை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் ஒரு பயணியின் இடத்தையோ எரிபொருளின் இடத்தையோ பறிக்கிறது.

எடையின் பெரும்பங்கு காந்த உள்ளகமும் செம்புக் கம்பியும் சேர்ந்த இண்டக்டரில் இருக்கிறது. கன்வெர்ட்டரின் ஸ்விட்சுகளை நொடிக்கு அதிகத் தடவை இயக்கினால் இண்டக்டரைச் சிறிதாக்கலாம். ஆனால் ஒவ்வொரு இயக்கத்திலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. வெப்பம் கூடினால் குளிரூட்டும் கருவியான ரேடியேட்டரும் பெரிதாகும். 200 கிலோவாட் கன்வெர்ட்டரின் செயல்திறன் 97 சதவீதமானால் 6 கிலோவாட் வெப்பம். 99 ஆனால் 2 கிலோவாட்தான். அந்த இரண்டு சதவீதத்துக்காகத்தான் சிலிக்கானைவிட விலை கூடிய சிலிக்கான் கார்பைடு ஸ்விட்சுகளைத் தேடிப் போகிறார்கள். கன்வெர்ட்டரை மட்டும் தராசில் வைத்து எடை பேசுவது தவறு. ரேடியேட்டரையும் அதனுடன் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

இன்னொரு வழி, ஒரே பெரிய சுற்றுக்குப் பதில் நான்கு சிறிய சுற்றுகளைக் கால்சுழற்சி இடைவெளியில் மாறி மாறி இயக்குவது. ஒன்றின் மின்னோட்ட ஏற்றம் மற்றொன்றின் இறக்கத்தால் பெரும்பாலும் ஈடாகிறது. மின்கலத்துக்குள் அலைவு குறைவதால் அதன் ஆயுளுக்கும் நல்லது. ஒரு சுற்று பழுதானால், அதைத் துண்டிக்கும் ஏற்பாடு இருந்தால், மற்றவை தாங்கும்.

உயரமும் ஒரு சிக்கல். 7,500 மீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. மெல்லிய காற்றில் மின்பொறி எளிதில் தாவும் என்பதால் கம்பிகளுக்கிடையே இடைவெளியும் காப்பும் கூடுதலாக வேண்டும்.

2024 ஜனவரியில் பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் போயம்-3 மேடையில் இஸ்ரோ சோதித்த எரிபொருள் மின்கலம் 180 வாட் மின்சாரம் தந்தது. விமானத்துக்கு இதைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் வேண்டும். 2023 ஜனவரி 19 அன்று இங்கிலாந்தில் ஜீரோஏவியா நிறுவனம் ஹைட்ரஜன் மின் இயந்திரத்தை இடப்பக்கம் பொருத்திப் பறக்கவிட்டது டோர்னியர் 228 ரக விமானத்தை. அதே ரகத்தை எச்.ஏ.எல். நிறுவனம் கான்பூரில் தயாரிக்கிறது. ஆய்வுக்கு வேண்டிய விமான உடல் நம் நாட்டிலேயே இருக்கிறது.