விழுந்ததும் விட்டதும்: ருவான்வெல்லைத் தோட்டப்புறப் பந்தயப் பேச்சில் பெயரற்ற ஒரு பங்கு

பந்தயக் கடைப் பேச்சை ஆராய வருபவர் முதலில் ஓர் அகராதி தொகுக்கவே விரும்புவார். வின், பிளேஸ், ஈச் வே, டபுள், ட்ரெபிள், யாங்கி, பேவரிட், ஜாக்பாட் என்று சொற்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் பொருளை எழுதிவிடலாம். அத்தகைய அகராதியில் இடம்பெறாமல் போகும் ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை. பந்தயம் ஏற்கும் புக்கி கடைக்குப் போய்ப் பழகிய தோட்டத் தொழிலாளி, வெல்லும் வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் அறிவார். ஆனால் அவர் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கடைக்கென்று முன்கூட்டியே ஒதுங்கிவிடும் பங்குக்கு அவர் பேச்சில் பெயர் இல்லை. பந்தயப் பேச்சின் அமைப்பே இந்த இன்மையைக் காத்துவருகிறது என்பதும், அதைத் தமிழில் நிரப்பும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பதும் என் வாதம்.

இடத்தின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். கேகாலை மாவட்டத்தில் களனி ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிக் கிடக்கும் ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டைப் பக்கங்களில் தேயிலையோடு ரப்பரும் பெருமளவு உண்டு. தென்மேல் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. அன்றைய வேலை போய்விடும். நுவரெலியாத் தோட்டங்களைப் போலத் தமிழர் பெருந்திரளாக வாழும் வட்டாரமும் இது அல்ல. லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. சிங்களம் சரளமாகப் பேசாத தொழிலாளி அரிது. ஆகவே ஆங்கிலப் பந்தயச் சொல் அவரிடம் நேராக வருவதில்லை. சிங்களப் பேச்சில் உருண்டு வந்து, தமிழ் வினையோடு ஒட்டிக்கொள்கிறது.

இலங்கையின் சிறுநகர புக்கி கடைகளில் பெரும்பாலும் பந்தயம் கட்டப்படுவது பிரித்தானியாவில் ஓடும் குதிரைகள் மேல். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் ஓடும் குதிரையையாவது போய்ப் பார்க்க வழி உண்டு. அஸ்கொட்டிலோ யோர்க்கிலோ ஓடுவதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். நேர வேறுபாடு இந்த வியாபாரத்துக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. அங்கே கோடையில் பிற்பகல் 2 மணி என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. தோட்ட வேலை முடிந்து, குளித்து, கடைவீதிக்கு இறங்கும் நேரமும் அதுதான்.

இனி சொற்களைப் பார்க்கலாம். 'ஈச் வே' என்பது ஒரே சீட்டில் எழுதப்படும் இரண்டு பந்தயங்கள். பாதிப் பணம் குதிரை முதலாவதாக வருவதற்கும், மறுபாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கும் கட்டப்படுகிறது. ஒருவர் 100 ரூபாய் ஈச் வே கட்டினால் கையிலிருந்து போவது 200. குதிரையின் விலை (ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் இலாபம்) ஒன்றுக்கு நான்கு, பிளேஸுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். குதிரை இரண்டாவதாக வந்தால் அவருக்குக் கிடைப்பது 180 ரூபாய். 'பிளேஸ் விழுந்துவிட்டது' என்று சொல்லிக்கொண்டே 20 ரூபாயை இழந்து வெளியே வருகிறார். யாங்கி இன்னும் நுட்பமானது. நான்கு குதிரைகளைத் தெரிவுசெய்தால் இரண்டிரண்டாகச் சேர்த்து ஆறு டபுள், மும்மூன்றாகச் சேர்த்து நான்கு ட்ரெபிள், நான்கும் சேர்ந்த ஒன்று என 11 பந்தயங்கள் ஆகும். ஒவ்வொன்றும் 100 ரூபாய் என்றால் மொத்தம் 1,100. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் மிஞ்சுவது 250. நான்கில் இரண்டு குதிரைகள், ஒன்றுக்கு இரண்டு விலையில், வென்றுவிட்டன என்று கொள்வோம். ஒரேயொரு டபுள் மட்டும் தேறும். அதற்கு 900 ரூபாய் கிடைக்கும். பாதிக்குப் பாதி சரியாகச் சொன்ன மனிதர் 200 ரூபாய் நட்டத்தில் இருக்கிறார். ஆனால் அவரிடம் சொல்வதற்கு ஒரு வெற்றி இருக்கிறது, அந்த வெற்றிக்கு ஒரு பெயரும் இருக்கிறது.

பெயர்ச்சொற்கள் கடலைத் தாண்டி வந்தவை, வினைகள் தமிழுடையவை. என் கவனம் இந்த வினைகளின் மேல்தான். பந்தயம் 'கட்டுவது' அல்லது 'வைப்பது'. வென்றால் 'விழுந்தது', 'அடித்தது'. தோற்றால் 'விட்டேன்'. வெற்றியைச் சொல்லும் வாக்கியத்தில் பேசுபவர் வாங்கிக்கொள்பவராக மட்டும் நிற்கிறார்: 'எனக்கு டபுள் விழுந்தது'. லொத்தர் விழுவதும் இப்படித்தான். அது மேலிருந்து வருகிறது. தோல்வியில் அவர் எழுவாயாகிவிடுகிறார்: 'நான் ஐயாயிரம் விட்டேன்'. அதிர்ஷ்டம் கொடுத்தது, என் கையாலாகாத்தனம் இழந்தது என்று இலக்கணமே தீர்ப்பெழுதிவிடுகிறது. இரண்டு வாக்கியங்களிலும் கடை இல்லை. கடை எடுத்தது, கடை பிடித்துக்கொண்டது என்று யாரும் சொல்வதில்லை. இதிலிருந்து பிறப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தொடர்: 'விட்டதைப் பிடிக்கணும்'. விட்டது தன் தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா? நாளைக்கு இன்னும் கவனமாகக் குதிரையைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். கணக்கின் அமைப்பில் இருக்கும் இழப்பு ஆளின் கவனக்குறைவாக மாறிவிடுகிறது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஆறு குதிரைகள் ஓடும் ஒரு கற்பனைப் பந்தயத்தில் விலைகள் 2/1, 3/1, 4/1, 5/1, 8/1, 10/1 என்று பலகையில் இருக்கின்றன. எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபாய் கைக்கு வரும்படி ஒருவர் ஆறின் மேலும் பணம் கட்ட நினைக்கிறார். முறையே 33.33, 25, 20, 16.67, 11.11, 9.09 ரூபாய் கட்ட வேண்டும். கூட்டினால் 115.20. நூறு ரூபாய் நிச்சயமாக வாங்க 115 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. கட்டிய பணத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதின்மூன்று அந்த விலைகளுக்குள்ளேயே கடைக்கென்று எழுதப்பட்டிருக்கிறது. சமபலமான இரண்டு கிரிக்கெட் அணிகளுக்கும் 1.90 (கட்டிய ஒரு ரூபாய்க்கு மொத்தம் 1.90 திரும்பும்) என்று விலை போட்டால் இதே முறையில் வருவது நூற்றுக்கு ஐந்து. கிரிக்கெட் பந்தயம் 'நியாயமானது' என்ற எண்ணம் பரவியிருப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். பந்தயங்களை அடுக்கினால் கடைக்குப் போகும் இந்தக் கழிவும் பெருகும். மேற்சொன்ன குதிரை விலைகளில் ஒற்றைப் பந்தயம் நூற்றுக்குச் சராசரியாக 87ஐத் திருப்பித் தரும், டபுள் 75ஐ, நான்கும் சேர்ந்தது 57ஐ. கவர்ச்சியான பெயர் பெற்றவை எல்லாம் கழிவு மிகுந்தவை. இதை நான் தற்செயல் என்று கருதவில்லை. கைப்பேசிக்குள் வந்துவிட்ட கேஷ் அவுட், போனஸ், ஃப்ரீ பெட் ஆகியவையும் இந்த வழியில் பிறந்தவைதான். ஃப்ரீ பெட்டில் வென்றால் பொதுவாக இலாபம் மட்டும் வரும், கட்டியதாகச் சொன்ன தொகை திரும்பாது என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

இழப்புக்குக் காரணம் தேடும்போது கையில் கிடைக்கும் ஒரே சொல் 'பிக்சிங்'. அதற்கு ஆதாரமில்லை என்று சொல்ல முடியாது. 2010இல் லோர்ட்ஸ் மைதானத்தில் வேண்டுமென்றே நோ-போல் வீசிய விவகாரத்தில் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர்கள் மூவர் 2011இல் இலண்டன் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தின் தொடர்ச்சியாக 2015இல் சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டுகளுக்கு விலக்கப்பட்டன. இலங்கையும் 2019இல் விளையாட்டுக் குற்றங்களுக்கென்று 24ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. எனினும் ஒரு சந்தேகச் சொல் தினசரி இழப்பு முழுவதையும் சுமக்கும்போது, மோசடி எதுவுமில்லாத நேர்மையான பந்தயத்திலும் பணம் கரைவது ஏன் என்ற கேள்வி எழாமலே போகிறது.

இந்தத் தொழிலாளருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பவர்களுக்குத் தோட்டத்துச் சம்பளப் பேச்சே போதிய மறுப்பு. பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு), அரைப்பேர், கைக்காசு, அட்வான்ஸ் என்று வரவும் பிடிப்பும் சல்லடையாகச் சலிக்கப்படும் பேச்சு அது. கங்காணி காலத்தில் ஒரு தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் போன தொகைக்கும் 'தலைக்காசு' என்று பெயர் இருந்தது. ஆட்களின் கடனைக் காட்டி அவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' 1921இல் ஒழிக்கப்பட்டது. பெயரிட்டுப் பேசப்பட்ட கொடுமையாதலால் அதை ஒழிக்கக் கோரவும் முடிந்தது. 1936இல் அரசாங்க சபைக்கு இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவை அனுப்பிய தொகுதி ருவான்வெல்லை. உழைப்பிலிருந்து முதலாளி எடுக்கும் உபரிக்குப் பெயர் சொல்லித் தந்த இடதுசாரி இயக்கம் வேரூன்றிய மண் இது. மாலையில் கடைவீதியில் எடுக்கப்படும் பங்குக்கு மட்டும் இங்கே பெயர் சொல்லித் தருவார் இல்லாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் பழைய நூல்கள் இங்கே எவ்வளவு உதவும்? திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதில் வென்றதைத் தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறது. சூதாடும் இடத்துக்குக் 'கழகம்' என்ற பெயரும் அங்கே உண்டு. ஆடுபவனின் அழிவை அவ்வளவு கூர்மையாகச் சொன்ன அந்த அதிகாரம், கழகத்தை நடத்துபவனின் வருவாயைப் பேசவில்லை. அர்த்தசாத்திரம் பேசுகிறது: சூதுக்கான அதிகாரி வென்ற தொகையில் நூற்றுக்கு ஐந்து எடுக்கலாம் என்று அளவிட்டுச் சொல்கிறது. நம் மேடைகளும் பாடநூல்களும் முதல் வழியையே பின்பற்றின. சூதாடாதே என்ற அறிவுரை ஏராளமாக உண்டு. 'விட்டேன்' என்ற குற்றவுணர்வை அது இன்னும் ஆழமாக்குகிறது என்பதை நாம் யோசிக்கவில்லை.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்ற எதிர்வாதம் உண்டு. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் சென்னைப் பந்தயங்களைப் பற்றிய வழக்கில் அவ்வாறே தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், எடை, தரை, குதிரையோட்டி எல்லாம் ஆராயத்தக்கவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமை வேறு எதற்கும் முன்னால் மேலே கணக்கிட்டதைப் போன்ற பதின்மூன்று விழுக்காட்டுக் கழிவைத் தாண்ட வேண்டும். அதற்கான தரவுகள் தமிழில் எளிதில் கிடைப்பதில்லை. கழிவைத் தெரிந்துகொண்டாலும் பழகியவர் நிறுத்தமாட்டார் என்பது இன்னொரு வாதம். இழந்ததைத் துரத்தத் தொடங்கிவிட்டவரை ஒரு சொல் மட்டும் காப்பாற்றாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய மனைவிக்கு, தொழிற்சங்கத் தலைவருக்கு, தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு அந்தச் சொல் வேண்டும். 'குதிரை சரியில்லை' என்ற பதிலுக்கு மேல் அவர்களால் இன்று பேச முடிவதில்லை.

சட்டம் கடையை நன்றாகவே அறிந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட விதிப்பனவுச் சட்டத்தின் கீழ், நேரடி ஒளிபரப்பு வசதி கொண்ட கடைக்கும் அது இல்லாத கடைக்கும் வெவ்வேறு விதிப்பனவு உண்டு. தன் பங்குக்கு அரசு பெயரும் அளவும் வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் சமூகத் தீங்கைக் குறைப்பதையும் தன் நோக்கங்களில் சேர்த்துள்ளது. அந்த அதிகாரசபை விதிகள் வகுக்கும்போது இதைக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு பந்தயத்தின் விலைப்பலகையிலும், எழுதிக் கொடுக்கும் சீட்டிலும், கைப்பேசித் திரையிலும், கடையின் கழிவு நூற்றுக்கு எவ்வளவு என்பது சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். டபுள், யாங்கி போன்றவற்றுக்கு அடுக்கிய கழிவைத் தனியாகக் காட்ட வேண்டும். தமிழில் அதற்குக் 'கடைக்காசு' என்று பெயரிடலாம் என்பது என் முன்மொழிவு. தலைக்காசும் கைக்காசும் பேசிப் பழகிய தோட்டத்தில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. பலகையில் குதிரையின் பெயர், அதன் விலை, கீழே 'கடைக்காசு நூற்றுக்கு 13' என்று அதே அளவு எழுத்தில் இருந்தால் போதும். சம்பளச் சீட்டில் பிடிப்பை முதலில் படித்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே படிப்பார்கள்.