கீழ்முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை

இடுப்புப் பகுதியின் 5 முள்ளெலும்புகள், அவற்றுக்கு இடையிலுள்ள வட்டுகள் (வழக்கில் ஜவ்வு), அங்கிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகள் ஆகியவற்றின் கோளாறுகளுக்குச் செய்யப்படுவது. வட்டுப் பிதுக்கம், நரம்புப் பாதைச் சுருக்கம், முள்ளெலும்பு நழுவல் ஆகியவை முக்கியக் காரணங்கள்.

வரலாறு: வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வருகிறது என்பதை 1934இல் பாஸ்டன் மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர். தசையை எலும்பிலிருந்து பிரித்து, முள்ளெலும்பின் பின்தகட்டை அகற்றும் திறந்த முறையே அப்போதிருந்து நிலைத்தது. 1977இல் யாசர்கில், காஸ்பர் ஆகியோர் நுண்ணோக்கியின் துணையால் கீறலைச் சுருக்கினர். 1997இல் ஃபோலியும் ஸ்மித்தும் தசை இழைகளை விலக்கி நுழையும் குழாயையும் எண்டோஸ்கோப்பையும் இணைத்தனர். நுண்துளை அறுவை வளர்ந்தது இதன் வழியே.

தமிழகத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைக்கு அடித்தளமிட்டனர். 1978இல் தொடங்கிய கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை, எஸ். ராஜசேகரனின் ஆய்வுகளால் முதுகுத்தண்டு மருத்துவத்தில் உலகப் பெயர் பெற்றது.

ஒப்பீடு: நுண்துளை முறையில் தசைச் சேதமும் இரத்த இழப்பும் பொதுவாகக் குறைவு, நோயாளி விரைவில் வீடு திரும்பலாம். ஆனால், அறுவையின்போது எக்ஸ்ரே அதிகம் தேவைப்படலாம். மருத்துவர் கைதேர நாளாகும். வட்டுப் பிதுக்கத்தில் குழாய் முறை வழக்கமான நுண்ணோக்கி அறுவையைவிட மேலானதல்ல என்று 2009இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. எண்டோஸ்கோப் முறை திறந்த முறைக்குப் பின்தங்கவில்லை என்றது 2022இல் வெளிவந்த மற்றொரு நெதர்லாந்து ஆய்வு. பல முள்ளெலும்புகளைத் தொடும் வளைவு, கட்டி போன்றவற்றுக்குத் திறந்த முறையே பெரும்பாலும் வேண்டியிருக்கிறது.

நீலகிரியில்: குனிந்தும் சரிவில் சுமை தூக்கியும் தேயிலைக் கொழுந்து பறிப்போருக்கு முதுகுவலி பழகிய ஒன்று. வட்டுப் பிதுக்கக் கால்வலி பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் தணியும். அறுவை தேவைப்படுவோரில் பலர் கோயம்புத்தூருக்கு இறங்குகின்றனர். உதகையில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டது. சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, இரு கால்களும் வலுவிழந்தாலோ நரம்புக்கற்றை நசுங்குகிறது என்று ஐயுற வேண்டும். அப்போது எந்த முறை என்பதைவிட எவ்வளவு விரைவில் என்பதே முக்கியம். விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.