கெப்போங் காட்டை நட்டவர்கள்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வு நிலையத்திற்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே பதினாறு கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலை இரைச்சல் நுழைவாயிலோடு நின்றுவிடுகிறது. அதன்பின் குரோ ஆற்றின் சலசலப்பும் சில்வண்டுகளின் ஓசையும்தான். நடைபாதையில் சிறிது தூரம் சென்றாலே மரநிழல் குடைபோலக் கவிந்துகொள்கிறது. ஆற்றோரத்துக் கற்களில் பாசி, அடிமரங்களில் கொடிகள், தலைக்கு மேலே ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள். இயற்கையை விரும்புவோர்க்கு இதைவிட அருகில் இதைவிடச் சிறந்த நடை இல்லை என்று துணிந்து சொல்வேன்.

அங்கே ஒரு மாணவி கேட்டாள்: "சார், மரமெல்லாம் ஏன் வரிசையா நிக்குது?"

அந்தக் கேள்வி என்னைச் சற்று வெட்கப்பட வைத்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் இதே பாதையில் நடந்திருக்கிறேன். திரும்பி வந்து எழுதிய இடுபணியில் 'மனிதக் கை படாத கன்னிக்காடு' என்று அழகாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். விரிவுரையாளரும் திருத்தவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒரு பார்வையில் கண்டதை நாங்கள் இருவருமே காணத் தவறினோம். மலையடிவாரத்தில் நாம் நடந்து ரசிக்கும் அந்தக் காடு, நட்டு வளர்த்த காடு.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அவ்விடத்தில் காடு இல்லை. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலமும் காய்கறித் தோட்டங்களும்தான் இருந்தன. ஈயக்குட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்நிலம் எப்படி இருந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். மண்ணை நீர்ப்பீச்சியால் கரைத்து, அந்தச் சேற்றை மேலேற்றி, நீண்ட மரத்தொட்டி வழியாக ஓடவிடுவார்கள். ஈயத்தாது மணலைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. ஆதலால் அது அடியில் தங்கிவிடும். மணலும் சேறும் வெளியேறும். ஈயத்தை எடுத்தவர் போய்விடுவார்; வெளுத்த மணல்மேடு அங்கேயே கிடக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த மேல்மண் ஆற்றோடு போயிருக்கும். அம்மணலில் நீர் நிற்காது. நண்பகலில் கால் வைக்க முடியாத சூடு. இந்தக் கழிவு மணல் ஆறுகளையும் மேடாக்கியது. 1926ஆம் ஆண்டு கோலாலம்பூரைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோது அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தது.

அதே 1926ஆம் ஆண்டில்தான், மலாயாவின் வனத்துறைத் தலைவராயிருந்த கியூபிட், தனியாக ஒரு வன ஆய்வுப் பிரிவை அமைக்கும் பொறுப்பை ஃபாக்ஸ்வொர்தி என்ற அமெரிக்கரிடம் ஒப்படைத்தார். ஃபாக்ஸ்வொர்தி அதற்குமுன் பிலிப்பைன்சில் வனப்பணி ஆற்றியவர். தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கெப்போங். ஆய்வு நிலையம் என்றால் செழித்த காட்டின் நடுவே அமைப்பதுதானே வழக்கம்? இங்கோ கெட்டுப்போன நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். காடு மீண்டும் எழுமா என்பதே அவர்களுடைய ஆய்வாயிற்று.

அது எளிய வேலையன்று. நம் நாட்டுக் காடுகளின் பெருமரங்கள் பலவும், மெராந்தி, குருவிங், காப்பூர் உட்பட, ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. குங்கிலியம் தரும் சால மரமும் அக்குடும்பத்ததே. இம்மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், காடு முழுவதும் ஒருசேரப் பூக்கும். விழுந்த விதையை நெல்போல் உலர்த்திக் குதிரில் சேமிக்கவும் இயலாது, உலர்ந்தால் செத்துவிடும். சில நாள்களிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே காய்த்த செய்தி வந்தவுடன் ஓடிப்போய்ப் பொறுக்கி, உடனே நாற்றங்காலில் ஊன்றி, நாற்றுக்கு நிழல் கொடுத்து, பின் சுமந்துகொண்டுபோய் நடவேண்டும். தவறவிட்டால் அடுத்த காய்ப்புக்கு எத்தனை ஆண்டு காத்திருப்பது என்று எவரும் சொல்லமுடியாது.

அப்படி நட்ட மரங்களுள் என் மனத்துக்கு நெருக்கமானது காப்பூர். மலாய்மொழிப் பாடத்தில் நம் பிள்ளைகள் 'காப்பூர் பாருஸ்' என்று படிப்பது கற்பூரத்தை. பச்சைக் கற்பூரம் இம்மரத்தின் வெடிப்புகளில் உறைந்து கிடைத்த பொருள். பாருஸ் என்பது சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள ஊர். அதற்கு அருகே லோபு துவா என்னுமிடத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. அவ்வூரை அது 'வாரோசு' என்கிறது. அங்கே கூடிய தமிழ் வணிகர் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' எனப்படுகின்றனர். ரப்பர் பால் வெட்டவந்த நம் முன்னோருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவுப்பகுதி மரங்களைத் தேடித் தமிழர் வந்திருக்கின்றனர். கெப்போங்கில் காப்பூர் மரத்தடியில் நின்று இதைச் சொன்னபோது, பேருந்தில் தூங்கிவந்த பையன்கள்கூடக் காது கொடுத்தார்கள்.

அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடுவதில்லை. இடையிடையே வானம், வறண்ட வயலின் வெடிப்புபோல, கோடுகோடாகத் தெரிகிறது. காற்றில் கிளைகள் உராய்ந்து முறிவதால் இவ்வாறு ஆகிறது என்றே முன்பு கருதினர். அந்நிலையத்தின் ஆய்வாளர் பிரான்சிஸ் இங் 1977இல் இம்மரங்களை ஆராய்ந்தபோது உராய்ந்த அடையாளம் காணவில்லை. அடுத்த மரத்தின் தழைகளை நெருங்கும்போது ஒளி மாறுவதை உணர்ந்து தளிர்முனை வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் கருத்து. நட்ட மரங்கள் என்பதால்தான், ஒரே இனம் ஒரே இடத்தில் ஒருசேர வளர்ந்து, இக்காட்சி இத்தனைத் தெளிவாகத் தெரிகிறது. கெப்போங்கிற்கு வடக்கே காஞ்சிங்கில் இயற்கையான காப்பூர்க் காடு இருக்கிறது.

1985இல் இந்நிலையம் சட்டபூர்வ வாரியத்தின்கீழ் வந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்காட்டை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுரங்கத்தால் பாழான நிலத்தில் மழைக்காட்டை எழுப்பிய தொடக்ககால முயற்சி என்பதே இதன் சிறப்பு. செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் நாங்கள் மகிழ்ந்தோம். அப்போது நண்பர் ஒருவர், "பார்த்தீர்களா, வெட்டினாலும் மறுபடியும் நட்டுக்கொள்ளலாம்" என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்று சரியாக விடைசொல்லவும் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நிலையம் முழுவதும் சேர்ந்து 500 ஹெக்டேருக்குச் சற்று மேல். அவ்வளவு நிலத்துக்கே அரசின் பாதுகாப்பும், அறிவியலாளர்களும், கூலிகளும், நூறு ஆண்டுகளும் தேவைப்பட்டன. பின்னால் புக்கிட் லாகோங் வனக்காப்பகம் அழியாமல் நின்றது. பறவைக்கும் விலங்குக்கும் அதுவே தாய்வீடு. அக்காடும் அன்றே வெட்டப்பட்டிருந்தால், வரிசையாய் நட்ட மரங்கள் வரிசையாகவே நின்றிருக்கும், காடாகியிராது.

என் பாட்டனார் காட்டை அழித்து ரப்பர் நட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் கை நட்ட மரம் எத்தனை என்று எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. கெப்போங்கிலும் கியூபிட், ஃபாக்ஸ்வொர்தி பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அந்தச் சுடுமணலில் குழிதோண்டி நாற்றுச் சுமந்தவர் பெயர்களை நாம் பாடநூலில் காண்பதில்லை. ஆகவே மாணவர்களிடம், 'யார் நட்டது?' என்ற கேள்விக்கு இரண்டு பெயர்களையும், பெயர் தெரியாத பலரையும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.

புறப்படும் நேரத்தில் ஒரு பையன் காப்பூர்க் காய் ஒன்றைக் கண்டெடுத்தான். ஐந்து இறக்கைகள் கொண்டது. மேலே எறிந்தான், சுழன்று சுழன்று இறங்கியது. சட்டைப்பைக்குள் போடப் போனவனிடம், இங்கிருந்து எதையும் எடுத்துச்செல்லக்கூடாது, எடுத்துச்சென்றாலும் உலர்ந்து செத்துவிடும் என்றேன். பாதையோரத்து நிழலில் வைத்து, மேலே ஓர் இலையை மூடினான்.

"இது அந்த மரம் மாதிரி ஆக எத்தன வருசம் சார்?" என்று கேட்டான். பேருந்து ஓட்டுநர் ஒலியெழுப்பிக்கொண்டிருந்தார். கணக்குப் பாடவேளையில் பார்ப்போம் என்று சொல்லி அவனை ஏற்றினேன்.