தொலைவு அறியும் கருவிகள்: பரங்கிமலை முதல் காதங்கி வரை

நெடுந்தொலைவில் நிறுத்திய இலக்கைக் குறிபார்த்துச் சுடும் கலையில் ஈடுபடுவோர் இருவகைக் கருவிகளை நாடுவர். ஒன்று, இலக்கைக் காட்டும் தொலைநோக்கி. மற்றொன்று, அவ்விலக்கின் தூரத்தைச் சொல்லும் தூரமானி. நன்றாகத் தெரிகின்ற பொருளின் தூரமும் நன்றாகத் தெரிந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். அது உண்மையன்று. பொருள் எத்துணைப் பெரிதாகத் தோன்றினும், அது எத்தனை கஜத்துக்கு அப்பால் இருக்கிறது என்பதைக் கண் சொல்வதில்லை. காண்பது வேறு, அளப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனிதன் எவ்வாறு உணர்ந்தான், எவ்வெக் கருவிகளை அமைத்துக்கொண்டான் என்பதை இவ்வுரையில் ஆராய்வோம்.

இதற்குத் திருப்பதியின் சுற்றுப்புறம் மிகவும் ஏற்றதோர் இடம். தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைக் குறிக்கின்றது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் ஊர் திரும்பும் ரயில்கள் பல கூடூர், சூளூர்ப்பேட்டை வழியாகச் செல்கின்றன. மும்பையிலிருந்து வருபவை பல ரேணிகுண்டாவைத் தொட்டுச் செல்கின்றன. இந்த ரயில்களின் சன்னலுக்கு அப்பால், தூரத்தை அளக்கும் கலையின் மிக உயர்ந்த நிலைகள் இரண்டு அமைந்துள்ளன என்பதை நம்மில் பலர் அறியோம். அவற்றை அடையுமுன், பழைய வழிகளைச் சிறிது காண வேண்டும்.

ஓரிடத்துக்குச் செல்லாமலே அதன் தூரத்தை அறிய முக்கியமான வழிகள் மூன்று. முதலாவது, அளவு தெரிந்த பொருளைக் கொண்டு கணிப்பது. ஒரு மீட்டர் உயரமுள்ள பலகை 1000 மீட்டருக்கு அப்பால் எந்தக் கோணத்தில் தெரிகிறதோ, அக்கோணத்தை ஒரு மில் என்பர். குறிநோக்கியின் கண்ணாடியில் பொறித்துள்ள சிறு புள்ளிகள் இக்கணக்குக்காகவே அமைந்தவை. இரண்டு மீட்டர்ப் பலகை இரண்டரை மில் அளவில் தெரிந்தால் தூரம் 800 மீட்டர் ஆகும். கணக்கு எளிது, ஆனால் பலகையின் உண்மை உயரம் 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரம் 760 மீட்டராகிவிடும். இந்த 40 மீட்டர்ப் பிழையால் 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கியின் குண்டு அரை மீட்டருக்கும் மேல் விலகிப் போகும். ஊகத்தை அடிப்படையாகக் கொண்ட அளவு, ஊகத்தின் தரத்தையே உடையது.

இரண்டாவது வழி, அளந்த அடிக்கோடு ஒன்றை வைத்து முக்கோணம் அமைப்பது. இவ்வழியை நம் நாட்டில் பெருமுறையில் கையாண்டவர் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி. 1802-ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் அவர் ஏழரை மைல் நீளமுள்ள கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியின் வெப்பத்தையும் உடன் குறித்துக்கொண்டார். அந்த ஒரு கோட்டை அளந்தபின், கர்நாடக நாட்டு மலைகளிடையே கோணங்களை மட்டும் அளந்தவாறே மேற்குக் கடற்கரை வரை முக்கோணங்களைப் பின்னிச் சென்றார். சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே 400 மைல் என்று அக்காலப் படங்கள் காட்டின. உண்மையில் 360 மைலே என்று தெரியவந்தது. அளக்காத அறிவு 40 மைல் நிலத்தைக் கூட்டிக் காட்டிற்று!

லாம்டன் பயன்படுத்திய தியோடலைட் என்னும் கோணமானியின் எடை ஏறத்தாழ அரை டன். 1808-இல் தஞ்சைக் கோயிலின் உச்சிக்கு அதனை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்துபோயிற்று. லாம்டன் ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, சிறிது சிறிதாக அதனை மீண்டும் வட்டமாக்கினார். கருவியை வாங்குவது போலவே அதனைக் காப்பதும், அது சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதும் அளப்பவனின் கடமை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

ஏழரை மைல் அடிக்கோட்டைப் போர்வீரன் தோளில் சுமக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் ஆர்ச்சிபால்டு பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்னும் பேராசிரியர் இருவர். பிரிட்டிஷ் போர்த்துறை வெளியிட்ட விளம்பரத்தைக் கண்டு, 1888-இல் அவர்கள் ஒரு தூரமானியை வடிவமைக்கத் தொடங்கினர். நீண்ட குழாயின் இரு முனைகளிலிருந்தும் இலக்கைப் பார்த்து, தனித்தனியே தோன்றும் இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தினால் தூரம் புலனாகும். அக்குழாயின் நீளமே அடிக்கோடு. ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. தூரம் இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும். போர்க்கப்பல்கள் மேலும் மேலும் நீண்ட தூரமானிகளைச் சுமக்க நேர்ந்தது இதனாலேதான்.

இவ்வரலாறு நம் சென்னையையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியது. தேடுவிளக்கால் இலக்கைக் காட்டி, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து அது சுட்டது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கண்ணுக்குத் தெரிந்த அண்மை இலக்கு, குறி தப்பவில்லை. சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்று நம் மக்கள் அழைப்பது அன்று பிறந்த வழக்கு. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி'யை எம்டன் எதிர்த்தது. தொடக்கத்திலேயே எம்டனின் குண்டு ஒன்று சிட்னியின் தூரமானியைச் சிதைத்து, அதனை இயக்கியவரையும் கொன்றது. எனினும் சிட்னியின் பெரிய பீரங்கிகள் இறுதியில் வென்றன. கண்ணை இழந்த கப்பலுக்கும் கைவலிமை மிஞ்சியிருந்தது எனலாம்.

மூன்றாவது வழி, காலத்தைக் கொண்டு தூரத்தை அறிவது. மலைமுன் நின்று குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பவன் இதனை அறிவான். ஒலிக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்பினால் அது ராடார். ஒளிக்கற்றையை அனுப்பினால் அது லேசர்த் தூரமானி. அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்று மீள வேண்டுமாதலின், நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு காலத்தாமதம் 150 மீட்டர்த் தூரத்தைக் குறிக்கும். இம்முறையில் அடிக்கோடு தேவையில்லை. நுண்ணிய கடிகாரமே தேவை.

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், மலைகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூரில் இக்கடிகாரம் வானத்தை அளந்துகொண்டிருக்கிறது. 130 மீட்டர்ச் சதுரத்தில் நிறுத்திய 1024 அலைவாங்கிகள் 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மேலே அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத காற்றின் சுழற்சிகளே இங்கே இலக்கு. மிக மெலிந்து மீளும் எதிரொலியைக் கொண்டு, எந்த உயரத்தில் காற்று எவ்வாறு வீசுகிறது என்று அறிகின்றனர். 1998 முதல் லேசர்க் கருவியும் அங்கே இயங்கலாயிற்று. 2005 முதல் இந்நிலையம் தேசிய வளிமண்டல ஆய்வகம் என்ற பெயரைத் தாங்குகிறது.

2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்திலேயே சூளூர்ப்பேட்டையும், அதற்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவும் அடங்கியுள்ளன. 1971 அக்டோபர் 9-ஆம் நாள் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. அங்கே தூரத்தை அளப்பது வெறும் அறிவாராய்ச்சியன்று, உயிர்காக்கும் கடமை. 2010 டிசம்பர் 25-ஆம் நாள் ஏவிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட், ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாட்டை இழந்தது. அதன் நிலையைத் தொடர்ந்து கண்காணித்த பாதுகாப்பு அதிகாரிகள் அதனை வானிலேயே தகர்க்க ஆணையிட்டனர். சிதறல்கள் வங்கக் கடலில் வீழ்ந்தன. ராக்கெட் எங்கே இருக்கிறது, எங்கே விழக்கூடும் என்பதை நொடிக்கு நொடி அறிந்திராவிடில், அத்தகைய ஆணையை எவர் துணிந்து இடுவர்?

இனி, இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோர் இவ்வரலாற்றினின்று அறியத்தக்கன யாவை எனக் காண்போம். 1951-இல் தோன்றிய இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவராக, மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் விளங்கினார். சங்க முறைப்படி அமைந்த சுடுகளங்களில் தூரம் முன்பே அளந்து குறித்திருக்கும். அங்கே தூரமானி அவசியமன்று. பணத்தை நல்ல தொலைநோக்கிக்கும், அசையாத முக்காலிக்கும் செலவிடுவதே அறிவுடைமை. தரையில் படுத்துச் சுடுவோர்க்குச் சாய்ந்த கண்ணாடி அமைந்த தொலைநோக்கி கழுத்துக்கு இதமானது. உருப்பெருக்கம் மிகுந்தால் நன்மை மிகும் என்பதும் பிழை. நண்பகல் வெயிலில் தரையிலிருந்து எழும் கானலையும் அது சேர்த்தே பெருக்கும். அத்தகைய வேளையில் 25 அல்லது 30 மடங்கே பெரும்பாலும் போதுமானது. அக்கானலும் பயனற்றதன்று, இலக்குக்குச் சற்று முன்னே பார்வையைக் குவித்தால், கானல் ஓடும் திசை காற்றின் திசையைக் காட்டும். வீசும் காற்றைக் காட்டும் இத்தகைய நண்பனைத் தூரமானியிடம் எதிர்பார்க்கவியலாது.

தூரம் குறியாத வெளியிலோ, தூரமானியே முதலிடம் பெறும். 900 மீட்டரில் 10 மீட்டர்ப் பிழை ஏற்பட்டாலும் குண்டு ஏறத்தாழ கால் மீட்டர் மேலோ கீழோ செல்லும். கருவியின் பெட்டிமீது அச்சிட்ட பெரிய எண், பளபளக்கும் பரப்புக்கு உரியது. மங்கிய பலகைக்கோ மரத்துக்கோ அது பெரிதும் குறையும். ஒளிக்கற்றை முன்னுள்ள புதரில் பட்டுத் திரும்பினால், புதரின் தூரத்தையே அது இலக்கின் தூரமாகக் காட்டும். ஆகவே இலக்கின் முன்னும் பின்னும் உள்ள பொருள்களையும் அளந்து ஒப்பிடுதல் நன்று. கஜமா, மீட்டரா என்பதையும் தெளிதல் வேண்டும். 1000 கஜம் 914 மீட்டரே.

மலைச்சரிவில் மற்றுமோர் எச்சரிக்கை. 30 பாகைச் சரிவில் தூரமானி 800 மீட்டர் என்று காட்டினால், கிடைமட்டத் தூரம் 693 மீட்டரே. குண்டைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கு இந்தக் கிடைமட்டத் தூரமே ஏறக்குறைய கணக்காகும். கோணத்தையும் சேர்த்துக் கணிக்கும் கருவி இங்கே பயன் தரும். திருமலையைச் சூழ்ந்த சேஷாசலக் காடுகளில் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அங்கே இக்கருவிகள் பறவையையும் பாறையையும் கண்டு மகிழ மட்டுமே உரியவை. சுடுதல் உரிமம் பெற்ற துப்பாக்கிக்கும், அங்கீகாரம் பெற்ற களத்துக்குமே உரியது.

முதலில் பலகையின் அளவையும், பின்னர் அடிக்கோட்டையும், இறுதியில் கடிகாரத்தையும் நம்பி மனிதன் தூரத்தை அறிந்தான். மூன்றும் இன்றும் வழக்கொழியவில்லை. மழையிலும் மூடுபனியிலும் லேசர் தடுமாறும்போது, கண்ணாடியிலுள்ள மில் புள்ளிகள் கைகொடுக்கும். எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்பவர், எனக்குத் தெரியாதது எது, காற்றா தூரமா என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். காற்றைக் காண விரும்புவோர் தொலைநோக்கியை நாடுக. தூரம் அறிய விரும்புவோர் தூரமானியை நாடுக. அடுத்த முறை ரேணிகுண்டாவையோ சூளூர்ப்பேட்டையையோ ரயில் கடக்கும்போது, வானில் வீசும் காற்றின் உயரத்தையும், விண்ணோக்கி விரையும் ராக்கெட்டின் தூரத்தையும் இப்பகுதியில் அளந்து வருகின்றனர் என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்வோமாக.